ஐநா ஒப்பந்தத்தைக் காட்டி இந்தப் பையனுக்குக் குடியுரிமை கேட்க முடியுமா?

லயத்துவாசல் (சுங்கை சிப்புட், பேராக்) கேட்டது:

வணக்கம். இங்கே ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) 16 வயதுப் பையன் ஒருவன் நாடற்றவனாக இருக்கிறான். அரசு மருத்துவமனையில் பிறந்தவன். சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) இருக்கிறது, ஆனால் சிவப்பு நிறம், 'புக்கான் வர்கநெகாரா' (குடிமகன் அல்ல) என்று எழுதியது. அப்பாவிடம் குடிமக்களுக்கான நீல ஐசி (அடையாள அட்டை) உண்டு. அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை. 1984இல் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவர், பிறப்பை யாரும் பதியவில்லை. அப்பா அம்மா கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது, பதிவு இல்லை. அம்மாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருக்கிறார். 1960இல் அதே வட்டாரத்தில் பிறந்தவர், கையில் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசி.

பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை பெறும் உரிமை உண்டு என்று ஐநாவின் குழந்தை உரிமை ஒப்பந்தம் சொல்கிறது. மலேசியாவும் அதை ஏற்றிருக்கிறது. அந்த ஒப்பந்தத்தை வைத்தே நீதிமன்றம் போகலாமா? ஏற்றுக்கொண்டதை நிறைவேற்றுவதுதானே சட்டத்தின் ஆட்சி? சட்டம் தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் அந்தக் குடும்பத்துக்கு உதவியாக இருக்கும்.


ஈப்போ வாசகன் பதில்:

ஒப்பந்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வழக்கு நிற்காது. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் ஓரிரு வருடத்தை வீணாக்குகின்றன.

மலேசியா 1995இல் குழந்தை உரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது சில பிரிவுகளுக்கு விலக்கு எழுதிக் கொடுத்தது. அரசியலமைப்புக்கும் உள்நாட்டுச் சட்டத்துக்கும் தேசியக் கொள்கைக்கும் ஒத்துப்போனால்தான் அந்தப் பிரிவுகள் செல்லும் என்பது அதன் சாரம். பெயர், பிறப்புப் பதிவு, குடியுரிமை மூன்றையும் பேசும் 7ஆம் பிரிவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2010இல் சில விலக்குகளை அரசாங்கம் மீட்டுக்கொண்டது. அவற்றில் 7 இல்லை. இப்படி மொத்தமாக விலக்கு எழுதுவது ஒப்பந்தத்தின் நோக்கத்துக்கே முரண் என்று ஸ்வீடன், நார்வே, பின்லாந்து போன்ற நாடுகள் ஆட்சேபம் தெரிவித்தன. அந்த ஆட்சேபம் நியாயமானது என்பதே என் கருத்தும். ஆனால் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் அதற்கு எடை குறைவு.

இரண்டாவது தடை இன்னும் அடிப்படையானது. நம் நாட்டில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது அரசாங்கத்தின் வேலை, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. நாடாளுமன்றம் ஒரு சட்டமாக எழுதிச் சேர்க்கும்வரை ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நேரடியாகச் செல்லாது. 2014இல் ஒரு விமானப் பயிற்சி ஒப்பந்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெண்கள் உரிமை ஒப்பந்தமான 'சீடோ' பற்றி இதையே சொன்னது. அதற்கு முன் 2011இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம், கர்ப்பமாக இருந்ததால் வேலை மறுக்கப்பட்ட தற்காலிக ஆசிரியையின் வழக்கில், அதே சீடோவைத் துணையாக வைத்து அரசியலமைப்பின் 8(2) பிரிவுக்குப் பொருள் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வழி புரியும். ஒப்பந்தம் தனியாக நிற்காது. அரசியலமைப்பின் ஒரு வாசகத்துக்கு இரண்டு பொருள் சொல்ல முடிகிற இடத்தில் ஊன்றுகோலாகப் பயன்படும்.

ஆகவே அரசியலமைப்புக்குப் போவோம். உங்கள் கேள்வியில் இருக்கும் மிக முக்கியமான எண்ணை நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள்: பாட்டி பிறந்த 1960.

14(1)(a) பிரிவையும் இரண்டாம் அட்டவணையின் முதல் பாகத்தையும் சேர்த்துப் பாருங்கள். 31.8.1957 முதல் 1962 அக்டோபருக்கு முன்வரை கூட்டரசில் பிறந்த ஒவ்வொருவரும் சட்டப்படி குடிமக்கள். அப்பா யார், அம்மா யார், எந்த ஐசி என்ற கேள்வியே அந்த ஐந்து வருடத்தில் பிறந்தவர்களுக்குக் கிடையாது, வெளிநாட்டுத் தூதரின் பிள்ளை போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர. 1960இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் என்று நிரூபணமானால், கையில் சிவப்பு ஐசி இருந்தாலும் பாட்டி பிறப்பிலேயே குடிமகள்.

பாட்டி குடிமகள் என்றால், 1984இல் இங்கே பிறந்த மகள் 14(1)(b), இரண்டாம் பாகம் 1(a) பிரிவின்படி குடிமகள். பிறந்த நேரத்தில் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் போதும் என்பது அன்றைய வாசகம். மகள் குடிமகள் என்றால் பேரனும் அப்படியே. அப்பா பக்கம் போகவே தேவையில்லை.

இதற்கு ஒரு பின்துணையும் இருக்கிறது. பாட்டி குடிமகள் என்பதை ஏற்க மறுத்தால்கூட, அவருடைய நிரந்தரவாசி நிலை 1984க்கு முன்பே கிடைத்ததா என்று பாருங்கள். சிவப்பு ஐசி முதலில் கொடுக்கப்பட்ட தேதி 1984இல் மகள் பிறந்ததற்கு முந்தியது என்றால் அதுவே மகளுக்குப் போதும். 2024இல் நிறைவேறிய திருத்தம் 'நிரந்தரவாசி' என்ற சொல்லை அந்தப் பிரிவிலிருந்து எடுக்கிறது, ஆனால் அதற்கு முன்பே பிறந்துவிட்டவரின் நிலையைப் பிறந்த நாளில் இருந்த வாசகத்தை வைத்தே பார்க்க வேண்டும்.


பழைய கிராணி (கோலக் கங்சார்) பதில்:

சட்டம் மேலே இருப்பவர் சொன்னபடிதான். ஆனால் இந்த மூன்று தலைமுறைச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று பாருங்கள். பையனுக்குக் காகிதம் இருக்கிறது, பாட்டிக்கு ஐசி இருக்கிறது. நடுவில் அம்மாதான் வெறும் கை. ஆகவே முதல் வேலை பையனுக்கு விண்ணப்பம் போடுவதல்ல; அம்மாவின் பிறப்பைத் தாமதப் பதிவு செய்வது. தேசியப் பதிவிலாகாவில் முகப்பில் நின்று பையனின் தாளை நீட்டினால் 'அம்மா ஐசி எங்கே' என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

பாட்டியின் ஐசி எண்ணை எடுத்து நடு இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 08 அல்லது 36 முதல் 39வரை என்றால் பேராக்கில் பிறந்ததாக இலாகாவின் சொந்தப் பதிவே ஒப்புக்கொள்கிறது. இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. 82 என்றால் எந்த மாநிலம் என்று தெரியாதவர். இந்தியாவில் பிறந்ததாகக் குறித்திருந்தால் 75 வரும். அப்படியானால் பழைய விண்ணப்பக் கோப்பில் யார் என்ன எழுதினார்கள் என்று தேட வேண்டிவரும். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆள் ஒருவர் பத்துப் பேருக்குச் சேர்த்துப் படிவம் நிரப்பி எல்லாருக்கும் ஒரே பிறந்த ஊரைப் போட்டுவிட்ட கதைகள் உண்டு.

அம்மாவுக்கு வேண்டிய காகிதங்கள். லயத்தில் பிறந்தவர் என்பதால் மருத்துவமனைப் பதிவு இருக்காது, ஆனால் தோட்ட கிளினிக்கில் டிரெஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) வைத்திருந்த பிரசவப் புத்தகம், தடுப்பூசி அட்டை, கிராமத்து மருத்துவச்சியின் பதிவு இருக்கலாம். தமிழ்ப்பள்ளியில் ஒரு வருடம் படித்திருந்தாலும் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் இருக்கும்; தலைமையாசிரியர் கையெழுத்திட்டு முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். தோட்டம் கைமாறி, துண்டு துண்டாக விற்கப்பட்டு, அலுவலகம் இடிக்கப்பட்டிருந்தால் செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவேடு) கிடைக்காது. அப்போது பாட்டியின் இபிஎப் (ஊழியர் சேமநிதி) பதிவைக் கேளுங்கள். எந்த வருடம் எந்தத் தோட்டத்தின் பெயரில் சந்தா கட்டினார்கள் என்பது அங்கே இருக்கும். 1984இல் பாட்டி அந்தத் தோட்டத்தில்தான் இருந்தார் என்பதற்கு அது போதிய சான்று.

எல்லாரும் மறக்கிற ஒன்று: அம்மாவின் கூடப்பிறந்தவர்கள். ஒரு அண்ணனோ தங்கையோ குடிமக்களுக்கான பச்சைச் சூராட் பெரானாக்கும் நீல ஐசியும் வைத்திருந்தால், அதே பாட்டியின் பெயர் தாய் என்ற இடத்தில் இருந்தால், பாதி வேலை முடிந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவருக்குக் குடியுரிமை இருக்கும்போது இன்னொருவருக்கு ஏன் இல்லை என்று அதிகாரி பதில் சொல்ல வேண்டிவரும்.

தாய் மகள் உறவைக் காட்ட டிஎன்ஏ சோதனை கேட்பார்கள். தனியார் ஆய்வகத்துக்கு முன்கூட்டியே ஓடிப் பணத்தைக் கொட்டாதீர்கள். இலாகாவின் கடிதத்தோடு அரசு இரசாயனத் துறையில் எடுப்பதையே அவர்கள் ஏற்பார்கள். கடிதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெயர் எழுத்துதான் அதிகம் கெடுக்கிறது. 'லெட்சுமி' என்ற ஒரே பெயரை ரூமி (ரோமன்) எழுத்தில் ஐசியில் ஒருவிதம், பள்ளியில் ஒருவிதம், கோயில் ரசீதில் இன்னொருவிதம் எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு வித்தியாசத்தையும் பட்டியலிட்டு, எல்லாம் ஒரே ஆள்தான் என்று பாட்டி ஒரு சத்தியப் பிரமாணம் செய்து விண்ணப்பத்தோடே வைத்துவிட வேண்டும். அதிகாரி கண்டுபிடித்த பிறகு கொடுத்தால் சமாளிப்பு மாதிரி தெரியும்.


லயத்துவாசல்:

மிக்க நன்றி ஐயா. பாட்டியின் ஐசி நடு எண் 08தான், இப்போதுதான் பார்த்தேன். இரண்டு சந்தேகம். முகப்பில் இருந்தவர்கள், அப்பா அம்மா கல்யாணத்தை இப்போது பதிந்தால் பையனுக்கு அப்பா வழியில் கிடைத்துவிடும் என்றார்களாம். இன்னொருவர், அரசியலமைப்பின் 15A பிரிவில் விண்ணப்பம் போடு, அதுதான் சுலபம் என்றாராம். எது சரி?


ஈப்போ வாசகன்:

கல்யாணப் பதிவு நல்லதுதான், ஆனால் அது இந்தப் பூட்டுக்குச் சாவி இல்லை. 1.3.1982 முதல் முஸ்லிம் அல்லாதவர் திருமணம் பதிவானால்தான் செல்லும். அதற்கு முன் கோயிலில் தாலி கட்டியவர்களுக்குச் சிக்கல் இல்லை. அதற்குப் பின் கட்டியவர்களின் பிள்ளைகள் சட்டத்தின் பார்வையில் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்கள். இரண்டாம் அட்டவணை மூன்றாம் பாகத்தின் 17ஆம் பிரிவு அத்தகைய பிள்ளைக்கு 'பெற்றோர்' என்றால் தாய் மட்டுமே என்கிறது. பிறந்த பிறகு பெற்றோர் திருமணம் செய்துகொண்டாலும் குடியுரிமைக்கு அது பின்னோக்கிச் செல்லாது என்று 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தப் பிள்ளை வெளிநாட்டில் பிறந்தது என்றாலும், கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: பிறந்த நொடியில் நிலை என்ன? பெற்ற தகப்பன் கண்முன்னே குடிமகனாக நிற்கும்போது மகனை அந்நியன் என்பது வேதனையானது. மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள் என்பதால் ஒருநாள் இது மாறக்கூடும். அதற்காக இந்தப் பையன் காத்திருக்க முடியாது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எந்தப் 17ஆம் பிரிவு அப்பா வழியை அடைக்கிறதோ, அதே பிரிவு தாய் வழியைத் திறக்கிறது. தாய் குடிமகள் என்று நிரூபணமானால் கல்யாணப் பதிவு இல்லாதது பையனைத் துளியும் பாதிக்காது.

15A வேறு ரகம். அது உரிமையல்ல, 'சிறப்புச் சூழ்நிலை' இருக்கிறது என்று அரசாங்கம் நினைத்தால் தரக்கூடியது. மறுப்புக் கடிதம் பெரும்பாலும் ஒரு வரிதான், காரணம் இருக்காது. அரசியலமைப்பின் குடியுரிமைப் பாகத்தின்கீழ் அரசாங்கம் எடுக்கும் முடிவை நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யக் கூடாது என்று அட்டவணையிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. சட்டத்தின் ஆட்சி என்று நீங்கள் கேட்டீர்களே, உண்மையில் அது அடிபடும் இடம் இதுதான்: காரணம் சொல்லாத முடிவு, கேள்வி கேட்க இடமில்லாத முடிவு.

ஆனாலும் 15A விண்ணப்பத்தை இப்போதே போட்டு வையுங்கள். விண்ணப்பிக்கும் வயது 21க்குள் என்று இருந்ததை 18 ஆகக் குறைக்கும் திருத்தம் 17.10.2024 அன்று மக்களவையில் 206 வாக்குகளோடு நிறைவேறியது. பையனுக்கு 16. இருபத்தொன்று வரை நேரம் இருக்கிறது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் வைத்து, 14(1)(b)இன் கீழ் பிறப்பிலேயே தான் குடிமகன் என்ற வாதத்தை விட்டுக்கொடுக்காமல் இதைத் தருவதாக எழுதுங்கள். இல்லையென்றால் பின்னால் நீதிமன்றத்தில், 'குடிமகன் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டுதானே விண்ணப்பித்தீர்கள்' என்று கேட்பார்கள்.

அம்மாவின் தாமதப் பதிவை மறுத்தாலோ, சிவப்புத் தாள் கொடுத்தாலோ, அதன் பிறகு உயர்நீதிமன்றம். அங்கே கேட்க வேண்டியது 'அமைச்சரின் முடிவு தவறு' என்பதல்ல. 'சட்டத்தின் செயலால் இவர் ஏற்கெனவே குடிமகன், அதை அறிவியுங்கள்' என்பது. 1950ஆம் ஆண்டுக் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் சாமான் பெமுலா (தொடக்க அழைப்பாணை) தாக்கல் செய்து இந்த அறிவிப்பைக் கேட்கலாம். நீதிமன்ற விதிகளின் 53ஆம் ஆணையில் சீராய்வுக்குப் போனால் முடிவு தெரிந்த நாளிலிருந்து 3 மாதம்தான். மறுப்புக் கடிதம் வந்த உறையைத் தேதி முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள். பையன் 18க்குக் கீழ் என்பதால் 76ஆம் ஆணைப்படி பெரியவர் ஒருவர் அவனுக்காக வழக்காட வேண்டும். அப்பாவே செய்யலாம். செலவுக்கு வழியில்லை என்றால் பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை முதலில் அணுகுங்கள்.


கடற்கரைக்காரி (பினாங்கு) பதில்:

மேலே சொன்னதில் சட்டப் பிழை எதுவும் இல்லை. ஆனால் 'ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நிற்காது' என்பதை 'ஒப்பந்தம் எதற்கும் உதவாது' என்று யாரும் படித்துவிடக் கூடாது. அனைத்துலகச் சட்டத்தில் மலேசியா கட்டுப்பட்டிருக்கிறது. ஒப்பந்தங்கள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டி ஒப்பந்தத்தை மீறியதை நியாயப்படுத்த முடியாது என்கிறது. மலேசியா 1994இல் அதிலும் சேர்ந்தது. ஆக, உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு. வெளிக் கணக்கைக் கேட்க வேறு கதவுகள் இருக்கின்றன.

பிள்ளைகள் பள்ளியில் வாரம் தவறாமல் சொல்லும் ருக்கூன் நெகாராவின் (தேசியக் கோட்பாட்டு உறுதிமொழியின்) நான்காவது கோட்பாடு 'சட்டமுறைப்படி ஆட்சி நடத்துதல்'. இந்தப் பையனும் அதைச் சொல்லித்தான் வளர்ந்திருப்பான். அந்தக் கோட்பாட்டுக்கு அரசாங்கமும் கட்டுப்பட்டது என்று நினைவூட்டுவது நம் வேலை.

முதல் கதவு சுஹாகாம், அதாவது மலேசிய மனித உரிமை ஆணையம். அதன் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4(4) பிரிவு, அரசியலமைப்புக்கு முரணாகாத அளவில் 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. பிரகடனத்தின் 15ஆம் பிரிவு எல்லாருக்கும் குடியுரிமை உண்டு என்பது. இங்கே வரிசை முக்கியம்: வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் சுஹாகாம் அந்தப் புகாரை விசாரிக்க முடியாது என்று 12ஆம் பிரிவு தடுக்கிறது. விசாரணை நடக்கும்போது வழக்குப் போட்டாலும் நிறுத்திவிட வேண்டும். எனவே புகார் முன்னால், வழக்கு பின்னால். புகாரில் விண்ணப்ப எண், கொடுத்த தேதி, முகப்பில் கிடைத்த பதில் எல்லாம் இருக்கட்டும். பல வருடமாகப் பதிலே இல்லாத கோப்பு ஒரு விசாரணைக் கடிதத்தால் நகர்வது உண்டு.

இரண்டாவது, ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர்கள், அதாவது மனித உரிமைப் பிரச்சினைகளை ஆராய நியமிக்கப்படும் நிபுணர்கள். ஐநா குழுக்களிடம் தனிநபர் புகார் கொடுக்க மலேசியா எந்த ஒப்பந்தத்தின் கீழும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆகவே அந்த வழி அடைப்பு. சிறப்பு அறிக்கையாளருக்கு எழுத நாடு எந்த ஒப்பந்தத்திலும் சேர்ந்திருக்க வேண்டியதில்லை, உள்நாட்டு வழிகளை முடித்திருக்கவும் வேண்டியதில்லை. இணையப் படிவத்தில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் இவற்றில் ஒன்றில் எழுத வேண்டும். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கட்டாயம். அவர்கள் எடுத்துக்கொண்டால் அரசாங்கத்துக்குக் கடிதம் போகும், பதிலுக்கு 60 நாள், பிறகு கடிதமும் பதிலும் பொதுவில் வரும். ஒரே ஒரு பையனின் கதையாக எழுதுவதைவிட, அதே வட்டாரத்தில் இதே சிக்கலில் உள்ள ஏழெட்டுக் குடும்பங்களைச் சேர்த்து, எந்த விதி எப்படி அடைக்கிறது என்று எழுதினால் கவனம் பெறும்.

நாட்டின் மனித உரிமை நிலையை மற்ற நாடுகள் கூடி ஆராயும் சுற்றுமுறை ஆய்வும் உண்டு. மலேசியா 2009, 2013, 2018, 2024 என்று நான்கு முறை போயிருக்கிறது. ஓர் அமைப்பு தனியாக அனுப்பும் அறிக்கை 2,815 சொற்களுக்குள், பலர் சேர்ந்து அனுப்புவது 5,630 சொற்களுக்குள். பையனின் ஐசிக்கு இது நேரடியாக உதவாது. ஆனால் இந்த மாதிரி அழுத்தம் வீண்போவதில்லை. 2024 மார்ச்சில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத பிள்ளைகளுக்கும் இருந்த தானியங்கிப் பாதுகாப்பை எடுக்க முனைந்த இரண்டு திருத்தங்களை, இரண்டாம் அட்டவணையின் 19B, 1(e) பிரிவுகளைத் தொட்ட இரண்டையும், எதிர்ப்பு வலுத்த பிறகு அமைச்சரவை கைவிட்டது. வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத பிள்ளைகளுக்கான அந்த 1(e) பிரிவு இந்தப் பையனுக்கும் கடைசித் துணையாகக் கையில் இருக்கிறது. தாய் வழி நிரூபணம் எங்காவது தடைப்பட்டால் மாற்று வாதமாக அதையும் மனுவில் சேர்க்கச் சொல்லுங்கள். வேறு எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை என்று காட்டுவதற்கு இந்தியத் தூதரகத்திடம் எழுத்துமூலம் கேட்டுப் பதில் வாங்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் கடிதத்தை இப்போதே அனுப்புங்கள்.


பழைய கிராணி:

பையனின் வயதைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டோம், சாட்சிகளின் வயதைப் பற்றிப் பேசவில்லை. பாட்டி 1960இல் பிறந்ததை நினைவில் வைத்துச் சொல்லக்கூடியவருக்கு இன்று எழுபத்தைந்தாவது இருக்கும். 1984 பிரசவத்தைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாக்களுக்கு அறுபதுக்கு மேல். வேறு எந்தக் காகிதம் தாமதமானாலும் இவர்களின் சத்தியப் பிரமாணத்தை இந்த மாதமே எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று பேர் போதும், ஆனால் ஒரே வாசகத்தை எல்லாருக்கும் அச்சடித்துக் கையெழுத்து வாங்காதீர்கள், அதைப் பார்த்ததும் சந்தேகப்படுவார்கள். எந்த லயம், எந்த வீடு, அப்போது அவர் எங்கே குடியிருந்தார், பிரசவம் பார்த்தது யார் என்று அவரவர் பார்த்ததை அவரவர் சொல்லட்டும். தாள் மலாயில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைப்பவர் என்றால், வாசித்துக் காட்டிப் புரிந்துகொண்டார் என்று சத்தியப் பிரமாண ஆணையர் அடியில் சான்று எழுத வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னவரின் பெயரும் ஐசி எண்ணும் கையெழுத்தும் அதே தாளில் வேண்டும். ஆணையர் முத்திரை மட்டும் குத்திக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், அந்த இரண்டு வரியையும் எழுதச் சொல்லி அங்கேயே சரிபாருங்கள்.